ஆறிய பின்னும் வளரும் தழும்பு

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய குடும்பப் படங்களில் பாட்டிமார்களின் காதுகளைப் பார்த்திருப்பீர்கள். மடல் நீண்டு ஏறக்குறைய தோளைத் தொடும். அதில் பாம்படமோ தண்டட்டியோ தொங்கும். காது வளர்ப்பது என்று அதற்குப் பெயர். பெண் குழந்தைக்கு மடலைக் கீறித் துளையிட்டு, பஞ்சைத் திரித்துச் செருகி, துளை ஆறியதும் குணுக்கு என்னும் ஈய வளையங்களை மாட்டி, எடையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மருத்துவக் கண்ணுக்கு இது ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கப்பட்ட காயம். கிருமி நாசினி இல்லை, கையுறை இல்லை, மாத்திரை இல்லை. அப்படியும் பெரும்பாலான காதுகள் ஒழுங்காக ஆறின.

கொள்ளுப்பேத்தியின் கதை வேறு மாதிரிப் போகிறது. பதினேழு வயதில், கல்லூரியில் சேர்ந்த கையோடு, கடையில் போய்க் காதின் மேல்விளிம்பில் இரண்டாவது துளை போட்டுக்கொள்கிறாள். அது ஆறுகிறது. நாலைந்து மாதம் கழித்துத் துளையைச் சுற்றி அரிப்பு. பிறகு பட்டாணி அளவில் ஒரு தடிப்பு. வருடம் திரும்புவதற்குள் நெல்லிக்காய் அளவு. உள்ளூரில் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுக்கிறார்கள், நாலு தையல். மூன்று மாதம் காது பழையபடி இருக்கிறது. அதன் பிறகு தையல் போட்ட கோட்டிலேயே மறுபடி அரிப்பு, மறுபடி தடிப்பு. இந்த முறை அது முன்பைவிட அகலமாக வளர்கிறது.

இந்த இரண்டாவது வளர்ச்சியைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். அதை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் தங்களையோ டாக்டரையோ குறை சொல்லிக்கொண்டு, மூன்றாவது முறை வெட்டிக்கொள்ளத் துணிவில்லாமல், முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு வாழ்கிறார்கள். அப்படி வாழ வேண்டிய அவசியம் இன்று பலருக்கு இல்லை. வெட்டுவதோடு வேறு சில காரியங்களும், சரியான நேரத்தில், நீண்ட நாள் நடக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி; ஆனால் அந்த ‘நீண்ட நாள்’ என்பது எளிதில் கிடைப்பதில்லை.

இந்த வளர்ச்சிக்குக் கீலாய்டு என்று பெயர். முதலில் இதை அடையாளம் காண வேண்டும். புடைத்த தழும்பு எல்லாம் கீலாய்டு ஆகாது. தீக்காயத்துக்குப் பிறகோ, வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகோ தழும்பு தடித்துச் சிவந்து நிற்பது சாதாரணம். அந்தத் தடிப்பு காயம் இருந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். ஒன்றிரண்டு ஆண்டில் தானாகத் தணியவும் செய்யும். கீலாய்டு எல்லை தாண்டும். காயமே படாத நல்ல தோலுக்குள் நுழைந்து பரவும். தானாக வடிவது அபூர்வம். காயம் ஆறி மாதங்கள் கழித்து, சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் கழித்துக்கூட அது தொடங்கும். பழைய பகுதி அடங்கிப்போயிருக்க, ஓரம் மட்டும் சிவந்து, மினுமினுத்து, அரித்துக்கொண்டிருக்கும். அந்த அரிப்புதான் முக்கியமான துப்பு. அரிக்கிற தழும்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இது புற்றுநோய் அல்ல. பாரிஸில் செயின்ட் லூயி மருத்துவமனையில் தோல் மருத்துவராக இருந்த ழான்-லூயி அலிபெர் 1806-இல் இதை விவரித்தபோது புற்றுநோயின் சாயல் கொண்ட பெயரைத்தான் வைத்தார். பத்தாண்டு பார்த்த பிறகு, இது அந்த இனம் இல்லை என்று தெளிந்து பெயரை மாற்றினார். கீலாய்டு ரத்தத்தில் கலந்து ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போவதில்லை, உயிரை எடுப்பதில்லை. தூக்கத்தைக் கெடுக்கும், வலிக்கும், மூட்டுக்கு மேல் வந்தால் அசைவைக் கட்டிப்போடும், மனசை ஒடுக்கும். இவை சிறிய துன்பங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோல் கிழிந்ததும் உடம்பு என்ன செய்கிறது? ரத்தம் உறைகிறது. வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. மூன்று நான்கு நாட்களில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் காயத்துக்குள் குடியேறி, கொலாஜன் என்ற புரத இழைகளைச் சுரந்து பள்ளத்தை நிரப்புகின்றன. முதலில் போடுவது அவசரத்துக்கான மெல்லிய இழை. மூன்றாவது வாரம் வாக்கில் திருத்த வேலை ஆரம்பமாகிறது: மெல்லிய இழைகள் கரைக்கப்பட்டு உறுதியான இழைகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன, இழுவிசை இருக்கும் திசையில் அவை அடுக்கப்படுகின்றன. இது ஓராண்டு வரை நடக்கும். அதற்குள் வேலை முடிந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளில் பெரும்பங்கு தாமாகச் செத்துவிட வேண்டும். அதுதான் ஆரோக்கியமான முடிவு. சிவப்பு வெளுத்து, மேடு தட்டையாகி, மெல்லிய வெள்ளைக் கோடு மிஞ்சும்.

கீலாய்டில் அந்த முடிவு வருவதில்லை. அழற்சி தணியாமல் புகைந்துகொண்டே இருக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிப் புரதம் ‘இன்னும் போடு’ என்று ஃபைப்ரோபிளாஸ்ட்டை விரட்டுகிறது. சாக வேண்டிய செல்கள் சாக மறுக்கின்றன. சாதாரணத் தோலோடு ஒப்பிட்டால் கொலாஜன் உற்பத்தி 20 மடங்கு வரை போவதாக அளந்திருக்கிறார்கள். தடித்து, முறுக்கிக்கொண்டு, ஒழுங்கில்லாமல் குவியும் அந்த இழைகள்தாம் கையில் தட்டுப்படும் கடினம். நடுவில் சிக்கிய மாஸ்ட் என்னும் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுவதால் அரிப்பு.

இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஒரு நல்ல வழி உண்டு. மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் 1973-இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி, இந்தியாவிலேயே முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். சிப்பியின் உடம்பைக் கீறி ஒரு மணியை உள்ளே வைப்பார்கள். கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறையிலிருந்து வெட்டிய சிறு துண்டு ஒன்றையும் வைப்பார்கள். வேலையெல்லாம் செய்வது அந்தத் துண்டுதான். அது பெருகி மணியைச் சுற்றிப் பை போல மூடிக்கொண்டு, முத்துப்பூச்சை அடுக்கடுக்காகச் சுரந்துகொண்டே இருக்கும். போதும் என்ற கட்டளை அதற்கு வருவதில்லை. எப்போது எடுப்பது என்பதை மனிதன் முடிவு செய்கிறான். சில சிப்பி இனங்களில் முத்தைப் பக்குவமாக எடுத்துவிட்டு, அதே பைக்குள் இன்னொரு மணியை வைத்து இரண்டாவது முத்தும் எடுக்கிறார்கள். ஏனென்றால் முத்து போனாலும் பை உள்ளே இருக்கிறது. கீலாய்டை வெட்டுகிறவர் எடுப்பது குவிந்த கொலாஜனை. அதைச் சுரந்த செல்களும், அவற்றை விரட்டிய அழற்சியும், அந்த ஆளின் மரபும் அங்கேயே இருக்கின்றன. போதாதற்குக் கத்தி புதிதாக ஒரு காயத்தையும் கொடுத்துவிட்டு வருகிறது.

அறுவை மட்டும் செய்தால் கீலாய்டு திரும்ப வரும் வாய்ப்பு 45 முதல் 100 விழுக்காடு வரை என்று பல பத்தாண்டு ஆய்வுகள் சொல்வதன் காரணம் இதுதான். நூறில் குறைந்தது நாற்பத்தைந்து பேருக்கு மறுபடி வரும் என்று தெரிந்த ஒரு சிகிச்சையை, வேறு எதுவும் சேர்க்காமல் செய்வது சரியில்லை என்பதே என் துணிபு. அது தெரியாமல் செய்யப்படுவது இன்னும் வருத்தம்.

பாட்டிக்கு வராதது பேத்திக்கு ஏன் வந்தது? ஒரு பகுதி விடை வயதில் இருக்கிறது. கீலாய்டு பெரும்பாலும் பத்து முதல் முப்பது வயதுக்குள் தோன்றுகிறது; பச்சைக் குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் குறைவு. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, கீலாய்டு உள்ளவர்களிடம் காது குத்திய வயதைக் கேட்டது. 11 வயதுக்குப் பின் குத்திக்கொண்டவர்களில் ஐந்தில் நால்வருக்குக் காதில் கீலாய்டு வந்திருந்தது. அதற்கு முன் குத்திக்கொண்டவர்களில் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. கைக்குழந்தையாக மாமா மடியில் வைத்துக் காது குத்தும் நம் வழக்கம், வேறு எதற்காக ஏற்பட்டதோ, இந்த ஒரு விஷயத்தில் நல்லதாக அமைந்துவிட்டது. குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு இருந்தால் பதினொன்றுக்கு மேல் புதுத் துளை வேண்டாம் என்று சொல்வதற்கு இவ்வளவு சான்று போதும்.

மரபின் பங்கு உறுதி. குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஜப்பானில் 2010-இல் செய்த மரபணுத் தேடலில் மூன்று குரோமோசோம் பகுதிகள் அகப்பட்டன. ‘கறுத்த தோலுக்குத்தான் வரும்’ என்ற பேச்சில் பாதிதான் உண்மை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் என்பது சரி. ஆனால் கோலாலம்பூரில் மூன்று இனத்தவரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த மருத்துவர்கள், 175 பேரைக் கொண்டு 1969-இல் எழுதிய கட்டுரையில், இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும்விடச் சீனர்களுக்கே அது அதிகம் வருவதாகக் கண்டார்கள். அந்த இந்தியர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். டான்சானியாவில் 2015-இல் பார்த்தபோது, நிறமியே இல்லாமல் பிறந்த ஆப்பிரிக்கர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமாகவே கீலாய்டு வந்திருந்தது. ஆகவே நிறம் காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ மரபுக்கூறு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு சங்கடம்: கீலாய்டு மனிதனுக்கு மட்டுமே வருகிறது. எலிக்கு வராது, முயலுக்கு வராது, பன்றிக்கும் வராது. மருந்தைச் சோதித்துப் பார்க்க விலங்கு கிடையாது என்பதால் ஆராய்ச்சி மெதுவாகவே நடக்கிறது. இவ்வளவு பழைய நோய்க்கு இவ்வளவு குறைந்த மருந்துகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த இடத்தில் வரும் என்பது ஓரளவு கணிக்கக்கூடியது. நெஞ்சின் நடுவில், தோள்பட்டையில், மேல்முதுகில், தாடையோரத்தில், காதில், அடிவயிற்றில். கண் இமையில் வருவதில்லை என்றே சொல்லலாம். உள்ளங்கை, உள்ளங்காலில் மிக அரிது. டோக்கியோவில் நிப்பான் மருத்துவக் கல்லூரியின் ரேய் ஒகாவா இதை இழுவிசையைக் கொண்டு விளக்கினார். கையைத் தூக்கும்போதும், மூச்சு இழுக்கும்போதும், படுத்து எழும்போதும் தோல் எங்கெல்லாம் திரும்பத் திரும்ப இழுபடுகிறதோ அங்கெல்லாம் ஃபைப்ரோபிளாஸ்ட் தூண்டப்படுகிறது. அதனால்தான் நெஞ்சில் கீலாய்டு பக்கவாட்டில் இரண்டு பக்கமும் நீள்கிறது. பைபாஸ் ஆபரேஷனுக்காக நெஞ்செலும்பைப் பிளந்தவர்களுக்கும், நெஞ்சில் முகப்பரு போன்ற பருக்கள் வந்த இளைஞர்களுக்கும் இந்தத் தொல்லை. பிறந்த குழந்தைக்கு இடது கை மேல்பகுதியில் போடும் பி.சி.ஜி. ஊசித் தழும்பும் சிலருக்குப் பின்னாளில் கீலாய்டாகிறது. தடுப்பூசியை நிறுத்த இது காரணமே ஆகாது, காசநோய் அதைவிட ஆயிரம் மடங்கு கொடியது. காது மடலில் இழுவிசை குறைவு. அங்கே குற்றவாளி வேறு: திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டும் கம்மல், நிக்கல் கலந்த உலோகம், அடங்காத சின்னச் சீழ்.

சிகிச்சைக்கு வருவோம். ஸ்கின் டாக்டரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கக்கூடிய உரையாடல் ஒன்று உண்டு.

“டாக்டரம்மா, தை மாசம் கல்யாணம். மாப்ள வீட்டுக்காரங்க காதுல என்னன்னு கேக்காங்க. அதுக்குள்ள இத அறுத்து எடுத்துர முடியாதா?”

“எடுத்துரலாம்மா. எடுத்த பெறவு ஒரு வருஷம் மாசாமாசம் வரணும். வருவாளா?”

“கல்யாணம் முடிஞ்சா அவ சார்ஜாவுலல்லா இருப்பா.”

இந்தத் தாயை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தை மாதத்துக்காக வெட்டப்படும் கீலாய்டு ஆடி மாதம் சார்ஜாவில் திரும்பி வரும். அப்போது அருகில் அம்மாவும் இல்லை, அந்த டாக்டரும் இல்லை. கல்யாணம்தான் கெடு என்றால், வெட்டாமல் ஊசியால் தட்டையாக்கி, நகையால் மறைத்து, பிறகு நிதானமாகச் செய்வதே மேல்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை டிரையம்சினலோன் ஊசி. 1960-களிலிருந்து புழங்கும் ஸ்டீராய்டு. விலை குறைவு, சின்ன ஊர்களிலும் கிடைக்கும். ஒரு மில்லிக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை செறிவில், மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தழும்பின் உள்ளேயே போடுவார்கள். அது அழற்சியைத் தணிக்கிறது, கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிறது, தேங்கிய கொலாஜன் கரைய வழிவிடுகிறது. அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஊசியிலேயே அடங்கும். மேடு தட்டையாக மாதங்கள் ஆகும். போடும்போது வலிக்கும், அதை மறைத்துச் சொல்லக் கூடாது. கல் போன்ற திசுவுக்குள் மருந்தைச் செலுத்துவதால் மருந்து பிதுங்கும், போடுகிறவரின் கையும் வலிக்கும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினைக் கலப்பது உதவும். முதலில் திரவ நைட்ரஜனால் சில விநாடி உறையவைத்துத் திசு ஊறி மென்மையான பிறகு ஊசி போடுவதும் உதவும். ஆனால் உறையவைப்பது நம் நிறத் தோலில் வெள்ளைத் திட்டை விட்டுவிடலாம் என்பதால் அளவோடு.

மருந்து தழும்புக்குள் போக வேண்டும். கீழே இருக்கும் கொழுப்புக்குள் போனால் குழி விழும். சுற்றியுள்ள தோல் வெளுக்கலாம், மெலிந்து ரத்தநாளம் தெரியலாம். பெண்களுக்கு ஓரிரு மாதம் மாதவிடாய் தள்ளலாம். சர்க்கரை நோயாளிக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறலாம். ஆகவே முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு மட்டும் போதாதபோது 5-ஃப்ளூரோயூராசிலைச் சேர்ப்பார்கள். இது குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து. பெயரைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, ‘எனக்குக் கேன்சரா, மறைக்கிறாங்களா’ என்று பயந்து சிகிச்சையையே விட்டவர்கள் உண்டு. தழும்புக்குள் போடும் அளவு மிகச் சிறியது. வேகமாகப் பிரியும் செல்களை அது தடுக்கிறது என்பதால்தான் இங்கே பயன்படுகிறது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு முக்கியமான முயற்சி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியுடையது. ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் வெராபமில் என்ற மருந்து கொலாஜன் சுரப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்திருந்தது. அதைத் தழும்புக்குள் ஊசியாகப் போட்டு, 54 நோயாளிகளிடம் டிரையம்சினலோனோடு ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். இரண்டுமே தழும்பைத் தட்டையாக்கி மென்மையாக்கின. டிரையம்சினலோன் வேகமாக, வெராபமில் மெதுவாக. வெராபமிலுக்குப் பக்கவிளைவு குறைவு. இந்தியாவில் வேறு டாக்டர்களும் வெராபமிலை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நம் கேள்விக்கு அது நேரான பதில் இல்லை. இருக்கும் தழும்பைக் கரைப்பது ஒன்று. வெட்டியெடுத்த இடத்தில் திரும்ப வராமல் தடுப்பது வேறொன்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதைத் தனியாகச் சோதித்தார்கள். கீலாய்டை வெட்டிய பின், ஒரே ஆளின் ஒரே தையல் கோட்டில் பாதிக்கு ஒரு மருந்தும் மறுபாதிக்கு இன்னொரு மருந்தும் போட்டார்கள். மரபும் தோலும் இரு பாதிக்கும் ஒன்றே என்பதால் மிக நேர்மையான ஒப்பீடு அது. வெராபமில் போட்ட பாதியில் கீலாய்டு அதிகம் திரும்பியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2016-இல் முடிவு வந்தது. அறுவைக்குப் பின் காவலுக்கு நிற்க வேண்டியது பழைய டிரையம்சினலோன்தான்.

ஊசிக்கு மசியாத பெரிய கீலாய்டுகளுக்கு அறுவை வேண்டும். அப்போது தையலின் கலை முக்கியம். மேல்தோலை இழுத்துப் பிடித்துத் தைத்தால் இழுவிசை முழுவதும் தோலில் விழும். ஆழத்தில், தசைக்கு மேலுள்ள உறையைச் சேர்த்துத் தைத்துவிட்டால் மேலே தோல் தானாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காதில் கட்டியின் உட்சதையை மட்டும் குடைந்தெடுத்து, மேல்தோலை மூடியாக விட்டுவிடும் முறை உண்டு. காது மடலைச் சீரமைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. சுசுருதரின் நூல் அதற்கு 15 முறைகளைச் சொல்கிறது. பாம்படம் பழைய பாணியான பின் தொங்கிய மடலை வெட்டித் தைத்துக்கொண்ட பெண்களும் இந்த மாவட்டங்களில் இருந்தார்கள்.

அறுவை முடிந்த ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு கொடுப்பது இன்று கையிலிருக்கும் மிக வலுவான தடுப்பு. ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் குடியேறத் தொடங்கும் முன்பே அவற்றின் பெருக்கத்தை அது அடக்குகிறது. அதனால் நேரம்தான் உயிர்நாடி: 24 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 48 மணி நேரத்துக்குள். ஒகாவாவின் குழு பல ஆண்டுகள் பின்பற்றிய கணக்குப்படி நெஞ்சுக்கும் தோளுக்கும் 4 நாளில் 20 கிரே (கதிர் அளவின் அலகு), காது மடலுக்கு 2 நாளில் 10 கிரே. புற்றுநோய்க்கு 50, 60 கிரே வரை கொடுப்பார்கள். 72 ஆய்வுகளை, 9,000-க்கும் மேற்பட்ட கீலாய்டுகளைத் திரட்டி 2017-இல் வந்த தொகுப்பில், அறுவையோடு கதிர்வீச்சும் பெற்றவர்களுக்குத் திரும்ப வந்தது 22 விழுக்காடு. முன்பு சொன்ன 45 முதல் 100-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். கதிரால் பின்னாளில் புற்றுநோய் வருமோ என்ற அச்சம் நியாயமானது. இந்த அளவில் ஆபத்து மிகக் குறைவு என்றாலும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை, தைராய்டும் மார்பகமும் கதிரில் படாமல் மறைப்பார்கள். நடைமுறையில் தடையாக இருப்பது ஒருங்கிணைப்பு. வெட்டுகிறவர் ஒரு மருத்துவமனையில், கதிர்க்கருவி இன்னொரு மருத்துவமனையில். வெட்டும் தேதிக்கு முன்பே கதிர்வீச்சுத் துறையில் இடம் உறுதியாகாவிட்டால் அந்த 48 மணி நேரம் பஸ்ஸிலும் வரிசையிலும் கரைந்துவிடும். கத்தி படுவதற்கு முன் நோயாளி கேட்டாக வேண்டிய கேள்வி இது.

அழுத்தமும் சிலிக்கோனும் துணைப்படை. காதுக்கு இறுக்கும் கம்மல்கள் உண்டு. நுண்குழாய்களின் அழுத்தத்தைச் சற்றுத் தாண்டி, சுமார் 24 மில்லிமீட்டர் பாதரச அளவில் பல மாதம், நாளின் பெரும்பகுதி மாட்டியிருக்க வேண்டும். சிலிக்கோன் தகட்டை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் மாதக்கணக்கில் ஒட்ட வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய இந்த விதி நம் கரையில் திணறுகிறது. உப்பளத்தில் காலை முதல் நிற்கிறவர் நெஞ்சில் தகட்டை ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் வியர்வையில் வழுக்கி விழும், அடியில் வேர்க்குரு கிளம்பும். அவருக்கு இரவில் தகடு, பகலில் மெல்லியதாகப் பூசிக் காயவிடும் சிலிக்கோன் ஜெல் என்று மாற்றிக் கொடுப்பதே நடக்கிற காரியம். வெயில் படும் இடமானால் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். புதுத் தழும்பு வெயிலில் கருத்துவிடும்.

வீட்டில் செய்யும் சில காரியங்களை வேண்டிக் கேட்டு நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. காதுக் கட்டியின் அடியில் நூலையோ மயிரையோ இறுக்கிக் கட்டி அறுந்து விழச் செய்வது, சுண்ணாம்பு வைப்பது, மரு உதிர்க்கும் அமிலத்தைத் தொடுவது. மூன்றுமே புதிய காயங்கள். கீலாய்டுக்கு வேண்டியது அதுதான்.

பிரசவ அறையில் இந்தப் பேச்சு வரவே வருவதில்லை, வர வேண்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2019–21-இல் தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். நோய் எதுவும் இல்லாமலே வெட்டப்படும் தோல் நம்மிடம் அவ்வளவு இருக்கிறது. கர்ப்ப காலத்தில் கீலாய்டு வேகம் பிடிப்பதும் உண்டு. காதிலோ தோளிலோ கீலாய்டு உள்ள பெண் அதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட்டால், தையல் முறையையும் பிறகு போட வேண்டிய டேப்பையும் ஜெல்லையும் முன்பே தீர்மானிக்கலாம். முதல் சிசேரியனில் கீலாய்டு வந்தவருக்கு இரண்டாவதில் பழைய தழும்பை வெட்டியெடுத்துவிட்டு உள்ளே போவதும் உண்டு. சேர்த்துச் செய்வதென்றால் அடுத்த மாதங்களின் ஊசியையும் அன்றைக்கே சேர்த்துக் குறித்துவிட வேண்டும்.

கடைசியாகக் கடலுக்குப் போகிறவர்கள். மாதம் ஒரு ஊசி என்ற அட்டவணை, கப்பலில் ஒப்பந்தத்தில் போகும் மாலுமிக்கும், தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவருக்கும், விசைப்படகில் வேலை செய்கிறவருக்கும் பொருந்துவதில்லை. வராமல் விட்டால் ‘சொன்னபடி கேட்பதில்லை’ என்று சீட்டில் எழுதிவிடுகிறோம். அட்டவணையைக் கடலுக்கு ஏற்ப மாற்றலாமே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நெஞ்சிலோ தோளிலோ கீலாய்டு உள்ள படகுத் தொழிலாளிக்கு அறுவையைத் தடையின் முதல் வாரத்தில் வைத்தால், அடுத்த நான்கு நாள் கதிர்வீச்சு, பத்துப் பதினைந்து நாளில் தையல் பிரிப்பு, ஒரு மாதத்தில் முதல் ஊசி, தடை முடியும் முன் இரண்டாவது ஊசி, எல்லாம் அந்த 61 நாளுக்குள் அடங்கும். உடம்பைத் திருகி வலை இழுக்கும் வேலையிலிருந்து புதுத் தையலுக்கு அந்த நாட்களில் ஓய்வும் கிடைக்கும். வாரவிடுமுறைகளில் வரக்கூடியவருக்கு மீதி ஊசிகளை அப்போது போடலாம். நெடும்பயணம் போகிறவர் ஜெல்லும் டேப்பும் எடுத்துப்போய், மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் கரையில் இருக்கும் டாக்டர் அளவு பார்த்துக்கொள்வார். கீலாய்டு திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பும். அந்த இரண்டு ஆண்டில் கோட்டின் ஓரம் சிவந்தாலோ, அரிப்பு தொடங்கினாலோ, மேடு கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருக்காமல், அடுத்த முறை கரையேறியதும் முதல் வேலையாக ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஊசியிலேயே அது அடங்கிவிடும்.